அடக்க விலை

ஓர் ஈ நூறு கோடி ரூபாய்க்கு விலை பேசப்பட்ட கதை தெரியுமா உங்களுக்கு?

நிஜ ஈ இல்லை. ஈயைப் பற்றிய புத்தகம். பீட்டர் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி 1992-ல் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை'. ஒரு முட்டை எப்படி ஈயாக உருவாகிறது என்று விளக்குகிற கனமான சமாசாரம். 2011 ஏப்ரலில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஐசன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒருவர், இந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று அமேசானைத் திறந்தார். புதுப் பிரதி இரண்டே இரண்டு. விலை? ஒன்று 17 லட்சம் டாலர். இன்னொன்று கிட்டத்தட்ட 22 லட்சம் டாலர்!

ஐசன் விடவில்லை. தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். விஷயம் பிடிபட்டது. முதல் வியாபாரியின் கம்ப்யூட்டர், எதிராளி விலையில் 0.9983 பங்கு வைக்கிறது. அதாவது, ஒரு துளி குறைவு. இரண்டாவது வியாபாரியின் கம்ப்யூட்டர், முதலாமவர் விலையை 1.270589 ஆல் பெருக்கிக்கொள்கிறது. இவர் கையில் புத்தகமே இல்லை போலிருக்கிறது, யாராவது கேட்டால் அவரிடம் வாங்கி இவர் விற்கலாம் என்ற எண்ணமாக இருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். ஒரு சுற்று முடிந்தால் விலை சுமார் 27 சதவீதம் ஏறும். மறுபடி சுற்று. மறுபடி ஏற்றம். ஏப்ரல் 18-ம் தேதி விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட். அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். தபால் செலவு தனி! பிறகு யாரோ ஒரு மனிதர் கவனித்திருக்க வேண்டும். 106 டாலருக்கு இறங்கியது.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரிக்காத ஒருவன், என் அக்கா மகன்.

மதுரையில் வீட்டு ஹாலையே குடோனாக்கி ஆன்லைனில் பாத்திரம் விற்கிறான். "உட்கார ஓர் இடம் உண்டாடா இந்த வீட்டில்?" என்று அக்கா புலம்பாத நாள் கிடையாது. ஆனால், அந்தப் பெட்டிகளுக்காகத் தன் இரண்டு வடச் சங்கிலியை பேங்கில் வைத்துக் கொடுத்ததும் அதே அக்காதான்.

ஆன்லைன் வியாபாரத்தின் சூட்சுமம் இது. ஒரே கம்பெனியின் ஒரே பாட்டிலைப் பத்துப் பேர் விற்றாலும், உங்கள் செல்போனில் தெரிவது ஒரே பக்கம்தான். அதில் 'வாங்கு' என்கிற பட்டனை அழுத்தினால் ஆர்டர் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் போகும். யாருக்கு என்பதை அந்தத் தளத்தின் கணக்கு முடிவு செய்கிறது. சீக்கிரம் அனுப்புகிறாரா, புகார் உண்டா என்றெல்லாம் பார்க்கும். முக்கியமாக விலை. ஒரு ரூபாய் வித்தியாசத்தில் பட்டன் கைமாறிவிடும். மற்ற ஒன்பது பேரைத் தேடிப் போய்ப் பார்க்கிற பொறுமை நமக்கு ஏது?

எதிராளி விலையை ராத்திரி பகலாக யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதற்குத்தான் விலை மாற்றும் சாஃப்ட்வேர். ரீப்ரைசர் என்பார்கள். 'அவன் குறைத்தால் ஐந்து ரூபாய் நானும் குறை' என்று சொல்லிவிட்டால் போதும். இவன் இரண்டு தளங்களில் கடை விரித்திருக்கிறான். அங்கே ஒரு பீஸ் விற்றால் இங்கே ஸ்டாக்கில் ஒன்றைக் கழித்துவிடும். இது பெரிய உபகாரம். இல்லாவிட்டால் கடைசி பாட்டிலை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு ஒருவரிடம் "ஸாரி சார்" சொல்ல வேண்டும். இப்படி ரத்து செய்வது அமேசானில் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. தாண்டினால் கடைக்கே பூட்டு விழலாம்.

எல்லாம் சரி. அந்த சாஃப்ட்வேரில் இரண்டு கட்டங்கள் உண்டு. அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை. நம் ஊரில் முதல் கட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். ஈ பறந்த உயரத்துக்கு நம் பாட்டில் பறக்க முடியாது. கீழே இறங்குவதற்கு? அதைத் தடுக்கத்தான் ஆளில்லை!

திண்டுக்கல்லில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை மத்தியானமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை டிபன் பந்தியில் என் பக்கத்தில் இருந்தவன், "மாமா, ஆர்டர் கொட்டுது! முப்பத்தெட்டு!" என்றான். எதிர் வரிசைக்காரர்கள்கூடக் கை கொடுத்தார்கள். செல்போனைத் திறந்து விலையைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. இலையில் பொங்கல் அப்படியே ஆறிப்போனது.

நடந்தது இதுதான். பாட்டில் விலை 999. குறைந்தபட்சம் என்ற கட்டத்தில் இவன் போட்டிருந்தது 640, அதாவது வாங்கின விலை. எதிராளியிடமும் ஒரு சாஃப்ட்வேர். இது ஐந்து குறைக்க, அது ஐந்து குறைக்க, கால் மணிக்கு ஒரு வெட்டு. மத்தியானம் ஆரம்பித்து விடியும்போது 640-ஐ ஒட்டி வந்து நின்றது. இரண்டு கம்ப்யூட்டரும் விடிய விடியத் தூங்கவில்லை. இரண்டு முதலாளிகளும் தூங்கினார்கள்.

"வாங்கின விலைக்குத்தானே வித்திருக்கு? நஷ்டமில்லையே?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. மண்டபத்திலேயே பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். 999-க்கு விற்கும்போது, சரக்கு 640. தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு இரண்டும் தோராயமாக 200. அட்டைப்பெட்டி, டேப் 15. ஏற்கெனவே கட்டினது கழித்து மிச்ச ஜி.எஸ்.டி. 20. பத்துக்கு ஒன்று 'பிடிக்கவில்லை' என்று திரும்பி வருகிறதே, அந்தச் செலவை மற்றதன் தலையில் ஏற்றினால் 25. ஆக 900. பாட்டிலின் விலை 640; விற்பவனுக்கு அடக்கம் 900. நடுவில் 260 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. விலை இறங்கினால் கமிஷன் கொஞ்சம் இறங்கும். சரக்கு விலை இறங்குமா?

முப்பத்தெட்டையும் அனுப்பினான். ஐயாயிரத்துச் சொச்சம் நஷ்டம். அந்தப் பாட்டிலில் இரண்டு மாதம் சம்பாதித்தது ஒரே ராத்திரியில் போச்சு.

உலகத்தில் இவன் ஒருவன்தான் என்றில்லை. 2014 டிசம்பர் 12-ம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. பிரிட்டனில் இப்படி ஒரு விலை மாற்றும் சாஃப்ட்வேரில் கோளாறு. அமேசானில் விற்கும் நூற்றுக்கணக்கான சின்ன வியாபாரிகளின் சரக்கெல்லாம் ஒரு பென்னிக்கு இறங்கிவிட்டது! கிறிஸ்துமஸ் சீசன் வேறு. சுமார் ஒரு மணி நேரம். பெரும்பாலான ஆர்டர்களை ரத்து செய்தார்கள் என்றாலும், கிடங்கைவிட்டுக் கிளம்பிய சரக்கு கிளம்பியதுதான்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் இவன் ஒரு யோசனை சொன்னான். "எதிர்க்கடைக்காரன் யாருன்னு தெரியும் மாமா. பேசிப் பார்க்கவா? ரெண்டு பேரும் வெட்டிக்காம இருப்போம்னு?"

"மாப்ளே, அது மட்டும் வேண்டாம்" என்றேன். இதே காரியத்தை பிரிட்டனில் போஸ்டர் விற்கும் இரண்டு கம்பெனிகள் செய்தன. ஒருவரை ஒருவர் விலையில் வெட்டக் கூடாது என்று பேசி, சாஃப்ட்வேருக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்து, 2011 முதல் 2015 வரை ஓட்டினார்கள். 2016-ல் ஒரு கம்பெனிக்கு 1,63,371 பவுண்ட் அபராதம். விஷயத்தைச் சொல்லிக் கொடுத்த இன்னொரு கம்பெனி தப்பியது. நம் ஊரிலும் 2002-ம் வருடத்துப் போட்டிச் சட்டம் இருக்கிறது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைத்தால் குற்றம். கையால் செய்தாலும் சரி, கம்ப்யூட்டரால் செய்தாலும் சரி.

அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். முப்பது வருடம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். "எங்க காலத்துல குடத்துல ஒரு சீட்டு ஒட்டுவோமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார்.

பழைய கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு எழுத்து மறுபடி வராத மாதிரி பத்து எழுத்துக்கு ஒரு வார்த்தையோ தொடரோ வைத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து 1, அடுத்தது 2... கடைசி எழுத்து பூஜ்யம். அடக்க விலையை அந்த எழுத்துகளில் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார்கள். வாடிக்கையாளர் பேரம் பேசும்போது கடைப்பையன் குடத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பான். எதுவரை இறங்கலாம் என்று அவனுக்குத் தெரியும். வாங்குபவருக்கு வெறும் கிறுக்கல். வாங்கின விலையோடு வண்டிக்கூலி, கடை வாடகை, நசுங்கிப்போகிற இரண்டு குடம், எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் அடக்கம். அதனால்தான் அது அடக்க விலை. அத்தானின் வார்த்தை எது என்பது அக்காவுக்கே இன்று வரை தெரியாது!

"கடைப்பையன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் சீட்டு எழுதுறது முதலாளி வேலைடா. நீ பையனை வேலைக்கு வெச்சே. சீட்டை எழுதலை" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரியே அப்பாவும் மகனும் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் அயிட்டத்துக்கும் அடக்கம் போட்டார்கள். இரண்டு தளங்களுக்கும் கமிஷன் வேறு என்பதால், ஒரே பாட்டிலுக்கு இரண்டு அடக்கம். பாட்டிலுக்கு 900 என்று எழுதப் போனவனை அத்தான் நிறுத்தினார்.

"சங்கிலி வட்டியைச் சேர்த்தியா?"

சேர்க்கவில்லை. 640 ரூபாய்க்கு மாசத்துக்கு ஆறு ரூபாய். சாஃப்ட்வேரின் குறைந்தபட்சக் கட்டத்தில் இப்போது 906 என்று இருக்கிறது.