அடுக்கில் இருந்தால்தானே கையில் சிக்கும்

தற்செயலாக எடுத்த ஒரு புத்தகம் ஒருவரைக் கடைசி மூச்சுவரை ஆத்திகராக்கிவிட்டது என்றால் புத்தகத்தைப் புகழ்கிறார்கள். இல்லையேல் கடவுள் செயல் என்கிறார்கள். அதை அந்த அடுக்கில் வைத்த கையைப் பற்றிப் பேச்சே இல்லை. நூலகர் முத்திரை குத்துபவர்தானே! 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் காலில் குண்டடிபட்டு வீட்டில் படுத்திருந்த லொயோலா இக்னேஷியஸ் கேட்டது வீரசாகசக் கதைகள். அந்த வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் சரிதமும் புனிதர் சரிதங்களும்தான். இன்றைய கணினிப் பட்டியலாக இருந்தால் 'இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கும். நான்கு நூற்றாண்டு கழித்து, தத்துவஞானி ஹுஸ்ஸர்லின் மாணவியான எடித் ஸ்டைன், 1921 கோடையில் பெர்க்சாபெர்னில் தோழி வீட்டு அலமாரியிலிருந்து அவிலா தெரசாவின் தன்வரலாற்றை எடுத்துப் படித்தார் என்பார்கள். 1922 ஜனவரி 1 அன்று ஞானஸ்நானம் பெற்றார். 1933-இல் கொலோன் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1942-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்படும்வரை அந்த நம்பிக்கை தளரவில்லை. ரமணருக்கு மதுரையில் கிடைத்த பெரியபுராணமும் வீட்டுக்கு இரவலாக வந்த பிரதிதான். இவை எதுவும் பொது நூலகமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றிலும், கேட்காதவர் கண்ணில் படும்படி புத்தகம் இருந்தது.

மனம் முன்பே கனிந்திருந்தது, புத்தகம் வெறும் சாக்கு என்பார்கள். உண்மைதான். 1917-இல் போரில் இறந்த நண்பர் ரெய்னாக்கின் மனைவி துயரத்தைத் தாங்கிய விதம் ஸ்டைனை முன்பே அசைத்திருந்தது. ஆனால் கனிந்த மனம் எந்த நாளில் எந்த அலமாரி முன்னால் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் புத்தகம் எப்போதும் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது. யாரும் கையில் திணிக்காமல் தானே எடுத்தது என்பதும் அந்த நம்பிக்கை நிலைப்பதற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு.

எங்கள் நூலகர் தொழிலின் தீராத சிக்கல் இங்கேதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் திருவாசகத்துக்கு எந்த எண்? 294.5 போட்டால் சமய அடுக்குக்குப் போகும். ஏற்கெனவே திருநீறு பூசியவர்தான் அங்கே வருவார். 894.811 போட்டால் தமிழ் இலக்கியத்தில் நிற்கும். கவிதை தேடி வந்தவர் கையில் சிக்கும். ஒரே பிரதி வாங்கும் கிளை நூலகத்தில் அந்த முடிவு யாரோ ஒருவருடைய வாழ்க்கையைத் தொடும். இப்போது பதிப்பாளர் அச்சிட்ட எண்ணையோ இணையத்தில் கிடைத்த எண்ணையோ அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். யோசிப்பது வேலை மெனக்கெடல் ஆகிவிட்டது. 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்று 1931-இல் விதி எழுதிய நூலகவியலாளர் ரங்கநாதன், வாசகர் தாமே போய்த் தேடும் திறந்த அடுக்கை ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள்கூடக் கேட்பதில்லை.

பொதுப்பணத்தில் மதம் வளர்க்கலாமா என்ற கேள்விக்கும் பதில் அதே அடுக்கில்தான் இருக்கிறது. திருவாசகத்துக்கு உள்ள உரிமை பெரியார் நூல்களுக்கும் உண்டு. பக்தராக வந்தவர் நாத்திகராகத் திரும்பினாலும் நூலகர் கடமையைச் செய்தவர்தான். பயப்பட வேண்டியது கழித்துக்கட்டும் பட்டியலுக்கு. சில ஆண்டுகள் யாரும் இரவல் எடுக்கவில்லை என்று சமய, தத்துவ நூல்களை மூட்டை கட்டுகிறார்கள். நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு வைத்துப் போனவர் இரவல் பதிவேட்டில் வரமாட்டார். இளைய நூலகர்களே, பட்டியலில் கையெழுத்திடும் முன் எழுந்து போய் அந்த அடுக்கை ஒருமுறை பாருங்கள்.