குடும்பப் பெயர் யாது?

விண்ணப்பப் படிவம் என்றாலே எனக்கு ஒருவிதக் கிலி. விடைத்தாளில் வெற்றிடம் கண்டால் மாணாக்கரைக் கடிந்துகொள்ளும் நான், அண்மையில் ஒரு காரியாலயத்தில் தந்த படிவத்தின் இரண்டாவது வினாவிலேயே பேனாவைப் பிடித்தபடி அமர்ந்துவிட்டேன். 'குடும்பப் பெயர்' என்று அச்சிட்டிருந்தது.

நமக்கேது குடும்பப் பெயர்? தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு நம் பெயரைப் பின்னே எழுதுகின்றோம். முன்னோர் சிலர் ஊரையும் சேர்த்துக்கொண்டனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பெயரில் சிறுப்பிட்டி என்னும் ஊரும் வைரவநாதர் என்னும் தந்தையாரும் இருக்கின்றனர். 1857 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அப்பெரியார் இன்று இப்படிவத்தை நிரப்ப நேர்ந்தால், 'திருவாளர் சிறுப்பிட்டி' என்றன்றோ கணினி அவரை அழைக்கும்! ஐசுலாந்து நாட்டாருக்கும் பெரும்பாலும் நம்மைப்போலத் தந்தை பெயர்தான். ஆயினும், அவர்களது தொலைபேசிக் கைந்நூல் இயற்பெயர் வரிசையிலேயே அச்சாகி வந்ததாம். கொடுத்துவைத்தவர்கள்.

என் வீட்டு நிலைமையைக் கேளுங்கள். எனக்குத் தந்தையார் பெயர்; மகளுக்கு என் பெயர்; மனைவிக்கோ ஆளடையாள அட்டையில் அவள் தந்தை பெயர், கடவுச்சீட்டில் என் பெயர். நாங்கள் ஒரே குடும்பத்தினர் என்று காட்டுவதற்கு ஒரு கட்டுப் பத்திரம் வேண்டும். 1999 இல் கனடா சென்ற என் தம்பிக்கு அங்கே ஐயாவின் பெயரே குடும்பப் பெயராயிற்று. மாமனாரின் பெயரை வாயாற் சொல்லக் கூசும் அவன் மனைவியை, அந்நாட்டார் மாமனார் பெயராலேயே அழைக்கின்றனர். முதலில் நாணியவள், இப்போது திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாளாம்.

இவையெல்லாம் நகைத்துவிட்டு மறப்பதற்குரியவை என்றே எண்ணியிருந்தேன், சென்ற மாதம் வரையில்.

அம்மாவைக் கண் சிகிச்சைக்காக வைத்தியசாலையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். பதிவு மேசையிலிருந்த பெண்பிள்ளை, "கணவருடைய பெயர் என்னம்மா?" என்றாள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஐம்பதாண்டு இல்வாழ்க்கையில் ஐயாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. நேரே 'இஞ்சாருங்கோ', பிறரிடம் 'பிள்ளையளின்ரை ஐயா'. அவ்வளவே. நான் சொன்னேன், அவள் பதிந்துகொண்டாள்.

வாங்கிலே அமர்ந்து காத்திருந்தோம். ஒரு மணி நேரம் சென்றிருக்கும். ஒலிபெருக்கியில் ஐயாவின் பெயர் முழுமையாக ஒலித்தது.

ஐயா 2019 இல் காலமானவர். அம்மா திடுக்குற்று வாயிற்பக்கம் திரும்பினார். பார்வை மங்கிய அக்கண்கள் அங்கே யாரைத் தேடின என்பது எனக்குத் தெரியும். பெயர் மறுமுறையும் ஒலித்தது. "எங்களைத்தான் அம்மா" என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

உள்ளே தாதி அட்டையை வாசித்து, "பெயர் சரிதானே?" என்று கேட்டாள். பிழையைத் திருத்தும்படி சொல்ல வாயெடுத்தேன். ஆசிரியன் அல்லனோ! அம்மா என் கையை அழுத்தினார்.

"இருக்கட்டும் தம்பி. அப்பிடியே கூப்பிடட்டும்."

மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கின்றார்கள். எந்த நாள் என்று அம்மா இருமுறை கேட்டுவிட்டார்.