பெருநிறுவனமும் உள்ளங்கையும்

மைக்ரோசொப்ட் என்னும் மென்பொருட் பெருநிறுவனம் கையடக்க விளையாட்டுக் கருவிச் சந்தையில் இறங்கப்போகின்றது என்ற செய்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பன்முறை எழுந்து பன்முறை அடங்கியதொன்றாகும். உலகின் பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களுள் ஒன்று, பணத்தைக் கொட்டினாற் போதும் என்று எவரும் எண்ணக்கூடிய ஒரு சந்தையின் வாயிலில் இத்துணைக் காலம் தயங்கி நின்றது ஏன் என்ற வினா என்னை நெடுநாளாக ஈர்த்து வந்துள்ளது. சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதுவதா என முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உளர். பொருளியலை ஒரு பாடமாகப் பயிலும் எனக்கோ, மூலதனத்தின் வலிமைக்கு எல்லை எங்கே வருகின்றது என்பதை எமது பாடநூல்களிலும் பார்க்க இவ்விளையாட்டுப் பொருள் தெளிவாகக் காட்டுவதாகத் தோன்றுகின்றது.

முதலில் அந்தச் சந்தையின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1989ஆம் ஆண்டில் யப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் கேம் போய் என்ற கருவியை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பேய் யொக்கோய் என்பவர். புத்தம்புதிய நுட்பத்தைத் தேடி ஓடாது, பழகித் தேய்ந்து மலிந்துவிட்ட நுட்பத்தை எடுத்து, அதற்கு எவரும் எண்ணாத பயனைக் காண்பதே அவருடைய கொள்கை. கேம் போயின் திரையில் வண்ணம் இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல் மட்டுமே. அதே காலத்தில் அற்றாரி நிறுவனத்தின் லிங்ஸ், சற்றுப் பின்னர் சேகாவின் கேம் கியர் ஆகியவை ஒளிவீசும் வண்ணத்திரையோடு வந்தன. ஆயின் கேம் கியர் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் போயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கும் மேலாக இயங்கும். எது வென்றது என்பதை விற்பனைக் கணக்கே சொல்லும். கேம் போயும் அதன் பின்வந்த வண்ணத்திரை வடிவமும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன. ஆக, உள்ளங்கைக் கருவி என்பது எதைச் சேர்ப்பது என்ற வினாவினால் உருவாவதன்று. எதை விடுவது என்ற வினாவினால் உருவாவது. என் கட்டுரை முழுவதும் இவ்வொரு கருத்தின்மீதே நிற்கின்றது.

மைக்ரோசொப்டின் மரபு இதற்கு நேர்மாறானது. விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை வென்றதே எதையும் விடாமையினால்தான். பழைய நிரல்கள் புதிய கணினியிலும் ஓடவேண்டும். எந்த அச்சுப்பொறியும் எந்தத் திரையும் பொருந்தவேண்டும். விளையாட்டுத் துறையில் நுழைய எண்ணிய வேளை இந்நிறுவனம் நிண்டெண்டோவையே விலைக்கு வாங்கும் எண்ணத்தோடு அணுகியதாகவும், அங்கிருந்தோர் வாய்விட்டுச் சிரித்ததாகவும் அந்நாளில் பணியாற்றிய ஒருவர் பின்னாளிற் கூறியுள்ளார். அதன்பின் 2001இல் வந்த எக்ஸ்பொக்ஸ், உள்ளே வன்தட்டும் கணினியின் உறுப்புகளும் நிறைந்ததொரு பெரிய கறுப்புப் பெட்டி. அதனோடு கொடுத்த கட்டுப்பாட்டுக் கைப்பிடி பலருடைய கைகளுக்குள் அடங்கவில்லை. யப்பானியச் சந்தைக்கெனச் சிறியதொரு கைப்பிடியைச் செய்தார்கள். பின்னர் அச்சிறியதே எல்லா நாடுகளுக்கும் உரியதாயிற்று. மனிதக் கையின் அளவை இந்நிறுவனம் முதன்முதல் அறிந்துகொண்டது இவ்வாறே.

நட்டக் கணக்கும் ஒன்று உண்டு. 2021இல் எபிக், அப்பிள் ஆகிய நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்த வழக்கில், எக்ஸ்பொக்ஸ் கருவிகளின் விற்பனையால் இலாபம் ஈட்டியதே இல்லை என்று மைக்ரோசொப்டின் உயர் அலுவலர் ஒருவர் சாட்சியமளித்தார். கருவியை நட்டத்துக்குக் கொடுத்து, விளையாட்டுகளிலும் சந்தாவிலும் அதனை மீட்பதே முறை. ஒரு கருவிக்கே இந்நிலையாயின், கையடக்கக் கருவியென்று இரண்டாவது நட்டத்தையும் தோளில் ஏற்றத் தயங்கியமை வியப்பன்று. அவ்வகையில் இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

இக்கதையில் நகைப்புக்குரிய பகுதியும் உண்டு. 2002இல் மைக்ரோசொப்ட் இங்கிலாந்தின் ரெயர் என்ற விளையாட்டுக் கூடத்தை 375 மில்லியன் டொலருக்கு வாங்கியது. நிண்டெண்டோவின் நெருங்கிய கூட்டாளியாய் இருந்த கூடம் அது. வாங்கிய பின்னரும் ரெயர், கேம் போய் அட்வான்ஸ், டீ.எஸ். ஆகிய நிண்டெண்டோக் கைக்கருவிகளுக்குத் தொடர்ந்து விளையாட்டுகளை ஆக்கி வந்தது. மைக்ரோசொப்டிடம் கைக்கருவி இல்லாதபடியால் போட்டி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. போட்டியாளனின் கருவிக்குப் பெருநிறுவனத்தின் சொந்தக் கூடமே விளையாட்டு எழுதிய அந்த ஆண்டுகளைப் போல் விந்தையானவை இத்துறையிற் சிலவே.

இடையில் 2006இல் சூன் என்ற இசைக்கருவி வந்தது. ஒரு சில சிறு விளையாட்டுகளும் அதில் ஏறின. 2011இல் அக்கருவி மறைந்தது. 2010இல் வந்த விண்டோஸ் கைத்தொலைபேசியில் எக்ஸ்பொக்ஸ் சேவையையும் இணைத்தார்கள். 2014இல் நொக்கியாவின் தொலைபேசித் தொழிலையே வாங்கி, அடுத்த ஆண்டே 7.6 பில்லியன் டொலரை நட்டமாக எழுதித் தள்ளினார்கள். விளையாட்டுக்கெனத் தனிக் கைக்கருவி வேண்டியதில்லை, தொலைபேசியே அதை விழுங்கிவிடும் என்ற வாதம் அப்போது ஓங்கி ஒலித்தது. சோனியின் வீற்றா 2011இன் இறுதியில் வெளிவந்து, எதிர்பார்த்த வரவேற்பின்றி 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டமை அவ்வாதத்துக்கு வலுவூட்டியது.

இவ்வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. காரணம் நூலறிவன்று, 2022ஆம் ஆண்டின் இரவுகள். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். பங்குனி மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. அரிக்கன் லாம்பின் ஒருபக்கம் நான், மறுபக்கம் தம்பி. றொறன்ரோவிலிருந்து முன்னொருகால் வந்துபோன பெரியம்மாவின் மகன் விட்டுச்சென்ற, மடித்து மூடக்கூடிய நிண்டெண்டோ டீ.எஸ். ஒன்று அவன் கையில். தொலைபேசியை அவன் தொடக்கூடாது. "அதிலை கிடக்கிற சார்ச்சை முடிச்சுப்போட்டு, ஆருக்கும் அவசரமெண்டால் என்ன செய்யிறது?" என்பது அம்மாவின் கேள்வி. அக்கேள்விக்கு விடையில்லை. தொலைபேசி வீட்டுக்கெல்லாம் பொதுவானது, அவசரத்துக்குரியது, அஞ்சத்தக்க செய்திகள் வருவது. அந்தச் சிறு கருவியோ எதற்கும் உதவாதது. ஆகவே அவனுக்கு மட்டும் உரியது. திரையின் ஒளியைக் குறைத்து வைத்தால் ஒரு மின்னேற்றம் இரண்டு மூன்று இரவுகளுக்குத் தாங்கும். யொக்கோய் 1997இலேயே மறைந்துவிட்டார். எனினும் அவர் மின்கலத்தைப் பற்றிக் கொண்ட கவலை எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் இருளைச் சற்றுக் குறைத்தது என்றே எண்ணுகின்றேன். வேறொன்றையும் செய்ய இயலாமை ஒரு பொருளுக்குத் தகுதியாக அமையும் என்பதை நான் அந்நாளிலேயே கண்டேன்.

தொலைபேசி விழுங்கிவிடும் என்ற ஆரூடம் உலக அளவிலும் பலிக்கவில்லை. 2017இல் வந்த நிண்டெண்டோ சுவிச், 150 மில்லியனைத் தாண்டி விற்றது. ஆயினும் மைக்ரோசொப்டை உண்மையில் உலுப்பியது நிண்டெண்டோ அன்று, வால்வ் என்ற நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்ரீம் டெக் என்பதே என் துணிபு. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை விண்டோஸ் இல்லாமலே, லினக்ஸின்மீது ஓட்டிக் காட்டியது அக்கருவி. பொத்தானை அழுத்தினால் உறங்கும்; மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து விழிக்கும். விண்டோஸைச் சுமந்த கைக்கருவிகள் தடுமாறியது இவ்விடத்திலேதான். சந்தைமீது கொண்ட ஆசையிலும் பார்க்க, தன் அடித்தளம் பறிபோகும் அச்சமே பெருநிறுவனத்தை வாயிலுக்குள் தள்ளியது எனலாம்.

கைக்கருவியின் மாதிரிகள் ஆக்கப்பட்டு வருவதையும், அது சந்தைக்கு வரச் சில ஆண்டுகள் செல்லும் என்பதையும் 2024இல் விளையாட்டுப் பிரிவின் தலைவராயிருந்த பில் ஸ்பென்சர் ஒப்புக்கொண்டார். 2025இன் நடுப்பகுதியில், சொந்தக் கருவி ஒதுக்கிவைக்கப்பட்டதென்ற செய்தி வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் கடைக்கு வந்தது, தாய்வானின் அசூஸ் நிறுவனம் செய்து எக்ஸ்பொக்ஸ் பெயர் தாங்கிய அலை என்ற கருவி. அதன் உயர்ந்த வகையின் எடை 715 கிராம்; அமெரிக்காவில் வெளியீட்டு விலை 999.99 டொலர், எமது நாணயத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா. இருண்ட வீட்டுப் பிள்ளையின் கைக்குரிய பொருள் அதுவன்று.

எனினும் அக்கருவியில் ஓர் அமிசம் என் கவனத்தைக் கவர்ந்தது. இயக்கியவுடன் விண்டோஸின் வழக்கமான மேசைத்திரை அதில் ஏறுவதில்லை. விளையாட்டுக்குத் தேவையற்ற பின்னணி வேலைகள் பல நிறுத்திவைக்கப்படுகின்றன. அதனால் இரண்டு கிகாபைற்று வரையான நினைவகம் மிஞ்சுகின்றது என்கின்றார்கள். எதையும் விடாத நிறுவனம், உள்ளங்கைக்காக எதையோ விட்டிருக்கின்றது. அதே ஆண்டு நவம்பரில் இவ்வேற்பாடு ஏனைய நிறுவனங்களின் விண்டோஸ் கைக்கருவிகளுக்கும் வழங்கப்பட்டது. கருவியைப் பிறர் செய்வார்கள், நட்டமும் இலாபமும் அவர்களுடையது. உள்ளே ஓடும் முறைமை மட்டும் மைக்ரோசொப்டினுடையது. 1981இல் ஐ.பி.எம். கணினிக்குப் பணிசெயல் முறைமை வழங்கிய நாள்தொட்டு அந்நிறுவனத்துக்குக் கைவந்த தொழில் அது.