பெட்டியில் வந்த இரவுணவு

தேர்வுத்தாள் திருத்தம், அடைவுநிலைப் பதிவு, விளையாட்டுப் போட்டி என்று அலைந்ததில் எழுதி நெடுநாள்களாகிவிட்டன. இன்று இலக்கணமோ கற்றல் கற்பித்தலோ அல்ல; அடுக்களைக் கணக்கு ஒன்று. ஆசிரியர் அறையில் அண்மையில் இப்பேச்சு எழுந்தது. பெற்றோர் இருவரும் என்னிடம் கேட்டனர். ஆகவே எழுதி வைக்கிறேன்.

வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே வரும் சமையல் பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். சமைத்த உணவன்று. ஒரு வேளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே அளந்து கட்டிய மீன், கோழி, காய்கறி, அரைத்த மசாலை, கூடவே செய்முறை அச்சிட்ட ஓர் அட்டை. சுவீடன் நாட்டில் 2007ஆம் ஆண்டு இத்தொழில் தொடங்கியது. அங்கு முதலில் தோன்றிய நிறுவனத்தின் பெயருக்கே ‘இரவுணவு நிம்மதி’ என்பது போலப் பொருள் வரும். பெயர் வைத்தவருக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது!

என் வீட்டு நிலவரம் இது. என் துணைவியார் தாதியர். வாரத்தில் மூன்று நாள் மாலைப் பணிமுறை. இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புவார். அம்மா இருந்தவரை அடுக்களைப் பக்கம் நான் போனதில்லை. 2022இல் அம்மா மறைந்தார். நாற்பது வயதைக் கடந்தும் எனக்கு வெங்காயம் வதக்கத் தெரியவில்லை என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில், காப்பாளருக்குத் தெரியாமல் மின்கெண்டியில் மெகி மீ வேகவைத்ததே என் சமையல் அனுபவம்.

எனவே அம்மூன்று நாளும் புங்குஸ்தான். மீ கோரெங், நாசி கோரெங், ரொட்டிச் சானாய். இதில் என்னை உறுத்தியது செலவன்று. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்வி போதிக்கிறவன் நான். உணவுக் கூம்பகத்தை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டி, சுகாதார அமைச்சு சொல்லும் ‘கால், கால், அரை’ தட்டை வரைந்து, பாதித் தட்டு காய்கறியும் பழமும் என்று விளக்கிவிட்டு வருவேன். மாலையில் என் மகளின் தட்டில் எண்ணெய் மினுங்கும் மீ. ஒருநாள் அவளே கேட்டாள்: “அப்பா, இதுல அரைத் தட்டு எங்கப்பா?”

அவ்வாரமே பதிந்துகொண்டேன். அது 2025 மார்ச்சு மாதம். முதற்பெட்டி பாதி விலை. இங்கேயே ஓர் எச்சரிக்கை: அந்தப் பாதி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன்.

உண்மைக் கணக்கு வருமாறு. நால்வருக்கு மூன்று வேளை, ஆகப் பன்னிரண்டு பங்கு. பங்கு ஒன்றுக்கு 11 வெள்ளி 50 காசு. மொத்தம் 138 வெள்ளி. கொண்டுவரும் கட்டணம் 10 வெள்ளி. வாரத்துக்கு 148, நான்கு வாரத்துக்கு 592 வெள்ளி. அரிசி நம்முடையது.

இரண்டாம் மாதம் ஒரு வேலை செய்தேன். மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு காலைச் சந்தைக்குப் போய், அதே பொருள்களை நானே வாங்கினேன். 81 வெள்ளி ஆயிற்று. அடேயப்பா, பாதிக்குச் சற்றே கூடுதல்! ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. சந்தையில் இரண்டு தண்டு செரைக்குப் புல் கேட்டால் கட்டாகத்தான் கிடைக்கும். வார இறுதியில் குளிர்பதனப் பெட்டியைத் துழாவி, வாடிய கீரை, பூசணம் பிடித்த இஞ்சி என்று எறிந்தவற்றை விலை போட்டுப் பார்த்தேன், 11 வெள்ளி. ஆக 92. பெட்டிக்கும் சந்தைக்கும் உள்ள வேறுபாடு வாரத்துக்கு 56 வெள்ளி, மாதத்துக்கு 224 வெள்ளி. மகனின் இரண்டு பாடத்துக்கான பிரத்தியேக வகுப்புக் கட்டணம் அது.

இவ்விடத்தில் என் துணைவியார் ஒரு கேள்வி கேட்டார். “ஏங்க, நீங்க சந்தையோட ஒப்பிடுறீங்க. பெட்டி வரலன்னா அன்னைக்கு நீங்க சமைப்பீங்களா, புங்குஸ் வாங்குவீங்களா?”

விடை சொல்ல முடியவில்லை. புங்குஸ் நான்கு பேருக்கு ஏறத்தாழ 48 வெள்ளி. மூன்று நாளைக்கு 144. பெட்டிக்கும் அதற்கும் நான்கு வெள்ளிதான் வேறுபாடு. பெட்டி விலை உயர்ந்ததா என்பது, அது இல்லாத நாளில் நாம் உண்மையில் என்ன சாப்பிடுவோம் என்பதைப் பொறுத்தது. நல்ல குடும்பத் தலைவனாக நடந்துகொள்ளும் கற்பனை நாளோடு ஒப்பிட்டால் கணக்குப் பொய்த்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கோழிக்கான உதவித்தொகையும் உச்சவரம்பு விலையும் 2023 நவம்பர் முதல் நாள் நீங்கின. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்டு முதல் நாள் நின்றது. சந்தை விலை இனி வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்றைய 81 நாளைக்கும் 81 என்று எவரும் உறுதி கூற இயலாது.

குறைகளையும் சொல்ல வேண்டுமல்லவா? ஒருநாள் பள்ளியில் கூட்டம் நீண்டுவிட்டது. பெட்டி நண்பகல் வெயிலில் வாசலில் கிடந்தது. பனிக்கட்டிப் பை நீராகி, கெம்போங் மீன் நாற்றமெடுத்துவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவ்வாரப் பெட்டியை நிறுத்த மறந்தேன். 148 வெள்ளி போயிற்று. நாம் மறப்பதில்தான் அவர்களின் இலாபம் இருக்கிறதோ என்று தோன்றியது.

நெகிழிப் பைகளும் உறுத்தின. மிளகாய் மூன்றுக்கு ஒரு பை! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வோ வேறு சொல்கிறது. பேரங்காடியில் பொருள் வாங்கிச் சமைத்த உணவின் பசுமைக்கூட வளி உமிழ்வு, அதே உணவைப் பெட்டியிலிருந்து சமைத்ததைவிடச் சராசரியாக 33 விழுக்காடு கூடுதலாம். வீணாகும் உணவே முதன்மைக் காரணம். ஆனால் அது அமெரிக்கப் பேரங்காடியோடு ஒப்பிட்டது. நம் சந்தைக் காய்கறிக்கடை அக்கா செய்தித்தாளில் மடித்துத் தருவதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

நான் எதிர்பாராத ஒன்று மூன்றாம் மாதத்தில் நடந்தது. அசாம் பெடாஸ் அட்டையைப் பாராமலே சமைத்துவிட்டேன். எண்ணெய் காய்ந்ததைக் காது சொன்னது. மசாலை வெந்ததை மூக்கு சொன்னது. ஆயத்தப் பயிற்றியை வைத்தே பாடம் நடத்திய புதிய ஆசிரியர், ஒருநாள் அதை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவாரே, அது போன்ற உணர்வு.

அன்றிரவு அம்மாவின் இரசம் வைக்க ஆசை வந்தது. எந்தப் பெட்டியிலும் இரசம் வராது. அம்மா எதையும் எழுதி வைக்கவில்லை. சுங்கை சிப்புட்டிலுள்ள சித்தியைத் தொலைபேசியில் அழைத்து, சீரகம் எத்தனை கிராம் என்று கேட்டேன். சித்தி சிரித்துவிட்டார். “உங்கம்மா எப்பய்யா அளந்து போட்டாங்க? கையில அள்ளிப் பாரு, தெரியும்.”

தெரியவில்லை. நான்கு முறை வைத்தேன். நான்காம் முறை மகன் ஒரு வாய் குடித்துவிட்டு, “பாட்டி வைக்கிறது இன்னும் கொஞ்சம் புளிக்கும்” என்றான். ஒன்றும் பேசாமல் இரண்டாவது குவளையும் ஊற்றிக்கொண்டான்.

ஐந்தாம் மாத முடிவில் பெட்டியை நிறுத்திவிட்டேன். இப்போது ஞாயிறு காலை சந்தைக்குப் போகிறோம். புங்குஸ் அறவே ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. தேர்வுத்தாள் குவியும் வாரங்களில் தலைகாட்டுகிறது.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், திருமணமாகி ஆறு மாதம், இதில் சேரலாமா என்று கேட்டார். சமைக்கத் தெரிந்தால் வேண்டாம். தெரியாவிட்டால் மூன்று மாதம் சேருங்கள், நிறுத்தும் நாளை முதல் நாளே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள் என்றேன். சேர்த்து வைத்திருந்த 54 அட்டைகளையும் கோப்பில் போட்டு அவரிடம் கொடுத்தேன். இரசம் எழுதிய தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. புளியின் அளவை இன்னும் நிரப்பவில்லை.