வாரண்டி முடிந்தால் பாதுகாப்பும் முடிந்ததா?

கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ். அடுத்தது, வாரண்டி எத்தனை வருஷம்? மூன்று வருஷம் என்று சொன்னால், அது முடிந்த மறுநாள் எது போனாலும் நம் செலவுதான். வியாபாரத்தில் இது சரியான ஒப்பந்தம். ஆனால் போனது ஏசியாக இல்லாமல், ஓடுகிற வண்டியை நடுரோட்டில் அணைத்துவிடும் சுவிட்சாக இருந்தால்?

அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற சின்ன கார்களில் இக்னிஷன் சுவிட்ச் ரொம்ப லூஸ். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பிவிடும். என்ஜின் நிற்கும். ஸ்டீயரிங் கனத்துப் போகும். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். இதையெல்லாம்விட மோசம், அந்த நேரத்தில் மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம்!

கார்க்காரர்கள் புகார் சொல்லாமல் இல்லை. 2005 டிசம்பரில் கம்பெனி டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் இருந்த வைத்தியம் என்ன தெரியுமா? சாவிக்கொத்தில் தேவையில்லாததைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்பதுதான்.

ஏன் சுவிட்சையே மாற்றவில்லை? இங்கேதான் காமர்ஸ் வருகிறது. அதே வருஷத்துக் கம்பெனி ஆவணம் ஒன்றின்படி, மாற்றினால் கூடுதல் செலவு ஒரு காருக்கு சுமார் 90 சென்ட். வாரண்டி செலவில் மிச்சமாவதோ 10 முதல் 15 சென்ட். கணக்குப்படி நஷ்டம், எனவே வேண்டாம்!

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாரண்டிக்குள் ரிப்பேர் ஆனால்தான் அது கம்பெனியின் செலவு. நாலாவது வருஷம் அதே சுவிட்ச் காலை வாரினால் ரிப்பேர் காசு கார்க்காரர் பையிலிருந்து போகும், கம்பெனியின் வாரண்டிக் கணக்கில் ஒரு பைசாகூட ஏறாது. ஆள் செத்தாலும் அந்தப் பத்தியில் ஏறாது. போதாக்குறைக்கு, வண்டி நின்றுபோவதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்காமல், வாடிக்கையாளரின் 'வசதி' சம்பந்தப்பட்டது என்றே உள்ளுக்குள் வகைப்படுத்தியிருந்தார்கள்.

2006ல் சுவிட்சை சத்தமில்லாமல் திருத்தினார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பழைய கார்களில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிட்டது. 2010ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் இறந்து, பெற்றோர் வழக்குப் போட்ட பிறகு, அவர்கள் தரப்பு என்ஜினியர் ஒருவர் பழைய சுவிட்சையும் புதியதையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

2014 பிப்ரவரியில் ரீகால் தொடங்கி, சுமார் 26 லட்சம் கார்கள் வரை போனது. அவற்றில் பெரும்பாலானவை வாரண்டி முடிந்தவை. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. 2015ல் கிரிமினல் வழக்கை முடிக்க 90 கோடி டாலர் கட்டியது கம்பெனி. 90 சென்ட் எங்கே, 90 கோடி டாலர் எங்கே!

நண்பர்களே, வாரண்டி வேறு, ரீகால் வேறு. வாரண்டி என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம், அதற்குத் தேதி உண்டு. ரீகால் என்பது சட்டம் சுமத்தும் கடமை. 1966ல் வந்த அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புக் குறை என்று முடிவானால் வாரண்டி முடிந்த காரையும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2014ல் இதற்கு 10 வருஷ வரம்பு இருந்தது, பிறகு 15 ஆக்கினார்கள்.

ஆனால் குறை என்று முடிவாக, முதலில் யாராவது புகார் எழுத வேண்டும். டீலரிடம் திட்டிவிட்டு வந்தால் அது அங்கேயே கரைந்துவிடும். என்ன வேகத்தில், எந்தத் தேதியில், எப்படி நின்றது என்று எழுத்தில் கொடுத்து, அரசு அமைப்புக்கும் ஒரு பிரதி அனுப்பினால்தான் நூறு தனிப் புகார்கள் ஒரே குறையாகத் தெரியும்.

"வாரண்டி முடிஞ்சிடுச்சு சார்" என்று கவுண்டரில் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "அது சரி, இந்த வண்டியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டலாமா, கூடாதா?"