மடித்து வைத்த துணி

தீபாவளி முடிந்த நாலாம் நாள் திருவண்ணாமலையில் இறங்கினேன். தையல் கடை வாசல்களில் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று எழுதிய அட்டைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மிஷின் சத்தம் இல்லை. வருஷத்தில் தையற்காரர்கள் பகலில் தூங்குகிற நாட்கள் இவைதான். நான் தேடிப் போனது தூங்காத ஒருவரை.

பே கோபுரத்துப் பக்கம் ஒரு சந்து. ஓட்டு வீட்டுத் திண்ணையில் கால்மிஷின். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா மடியில் அரக்கு நிறப் பட்டு கிடந்தது.

“வாம்மா. வெளித்துணி முந்தாநேத்தோட தீந்துது. இன்னிக்குத்தான் எங்க வூட்டுத் துணிய எடுத்தேன்” என்றார். ஓசூரில் இருக்கும் பேத்திக்குப் பாவாடை. தீபாவளிக்கே போயிருக்க வேண்டியது. “தையக்காரி வூட்டுக்குத் தீபாவளி, தீபத்தன்னிக்குத்தான் வரும்.”

பட்டு அவருடைய மகளின் வளைகாப்புப் புடவை. ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டைவிட மெல்லிசு. வருஷக்கணக்காகப் பீரோவில் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் கோடு கிழித்தாற்போல இற்றுப் போயிருந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நல்ல துணி. கத்தரிக்கோலை எடுக்குமுன் வெயிலுக்கு நேரே துணியைத் தூக்கிப் பிடித்து, எங்கெங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் சாக்கால் பெருக்கல் குறி போட்டார். கால் மணி நேரம் இதிலேயே போயிற்று.

அதன் பிறகு பார்த்ததுதான் நான் போன காரியம். பேத்திக்கு ஐந்து வயது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இருபத்து நாலு அங்குலம். அம்மா வெட்டியதோ முப்பது. கீழ்மடிப்புக்கும் இடுப்புப் பட்டிக்கும் விட்டது தனி. மிச்சம் ஆறு அங்குலமும் மூன்று டக்குகளாக உள்ளே போகிறது. ஒரு அங்குலம் மடித்தால் இரண்டு அங்குலம் விழுங்கும். பார்டருக்கு மேலே வரிசையாக மூன்று. பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். வருஷத்துக்கு ஒன்றைப் பிரித்தால் எட்டு வயது வரை ஓடும்.

பிரிக்கப் போகிற தையலை அவர் வேறு மாதிரி போடுகிறார். இடுப்புப் பட்டிக்கு நெருக்கமான பொடித்தையல். டக்குக்கு வந்ததும் மிஷின் பக்கவாட்டில் இருக்கும் குமிழைத் திருகித் தையலை நீளமாக்கிக்கொள்கிறார். நாளைக்கு மகள் ஊசிமுனையால் ஒரு கண்ணை அறுத்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் வந்துவிட வேண்டும். பட்டு பிய்யக் கூடாது. மேலே வைக்கும் ‘பாடி’க்கு இரண்டு விலாப் பக்கமும் மூன்று மூன்று தையல், ஜாக்கெட்டுக்குப் போடுவது போல. பிள்ளை கொஞ்சம் பூசினால் உள்தையலை எடுத்துவிடலாம்.

ஊருக்குத் திரும்பியதும் கடையில் வாங்கிய குழந்தைச் சட்டை ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையலை ஒட்டியே ஓவர்லாக். கம்பெனிக்காரனுக்குத் துணிதான் பெரிய செலவு. உள்ளே விட அவனுக்குக் கட்டாது. அவனைக் குறை சொல்லவில்லை. அந்தச் சட்டை வாங்கிய அன்றைக்கு இருந்த குழந்தைக்கு மட்டும் ஆனது, அவ்வளவுதான்.

அந்தத் திண்ணை அம்மா முன்பு மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் பள்ளிச் சீருடை தைத்தவர். 2012-13லிருந்து சத்துணவுப் பிள்ளைகளுக்கு வருஷம் நாலு செட் என்று ஆனபோது அவர் அங்கேதான் இருந்தார். காலர் ஒருத்தி, கை ஒருத்தி, காஜா ஒருத்தி. “அங்க துணியப் பாத்துத் தைப்போம். பிள்ளை எதுன்னு தெரியாது” என்றார், வருத்தமில்லாமல். அந்தக் கூலிதான் மகளைப் படிக்க வைத்தது. சீருடை வருஷா வருஷம் புதிதாக வரும்; பட்டுப்பாவாடை அப்படி வராது.

எம்மிங் செய்ய உட்கார்ந்தபோது நூல்கண்டை எடுக்கவில்லை. வெட்டி எறிந்த பட்டு ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி ஊசியில் கோத்தார். அதே துணி நூல் என்றால் தைத்த இடம் தெரியாதாம். எனக்கு ரமணர் ஞாபகம் வந்தது. 1896-ல் இந்த ஊருக்கு வந்தவர், ஆரம்ப காலத்தில் கிழிந்த கோவணத்தைத் தைக்க முள்ளில் கண் துளைத்து ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன். “அவருக்கு யாரு இருந்தா தச்சுக் குடுக்க” என்று ஊசியை இழுத்தார்.

பேத்தி பிறந்த மாசம் அம்மா புதுத்துணி எதையும் தொடவில்லை. பிறக்குமுன் தைக்கக் கூடாது. பிறந்ததும் பழந்துணிதான் உடம்புக்கு இதம். தன் நூல்புடவையைக் கிழித்துத் தூளி, மிச்சத்தில் முடிச்சு வைத்த சட்டை ஆறு. காடாத் துணியில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு தலையணை. மலை உச்சியில் எரியப்போகும் தீபத்துக்குத் திரியாவதும் இந்தக் காடாதான். அங்கே ஆயிரம் மீட்டருக்கு மேல், இங்கே ஒரு முழம்.

“இதையெல்லாம் கிஃப்ட்டா குடுப்பீங்களா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“கிஃப்ட்டா! அது சம்மந்தி வூட்ல கலர் பேப்பர் சுத்திக் குடுக்கறது. இது சும்மா தச்சது.”

கண்முன் இல்லாத பிள்ளைக்கு அளவு எப்படி? ஓசூரிலும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, இங்கேயும் அதே. வீடியோ காலில் பேத்தியை நாற்காலி முதுகோடு ஒட்டி நிற்கச் சொல்கிறார். போன வருஷம் தோள் நாற்காலி உச்சிக்குக் கீழே இருந்தது, இந்த வருஷம் நாலு விரல் மேலே. அப்புறம் தன் நாற்காலியில் அந்த உயரத்துக்கு டேப்பைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறார். உட்கார யாருக்கும் அந்த நாற்காலியைத் தருவதில்லை. நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் மகள் சின்னவளாக இருந்தபோது என் அம்மா தைத்தனுப்பிய சட்டை ஒன்றில் உள்ளே துணி தடிப்பாக இருக்கிறதென்று நானே கத்தரித்து எறிந்தேன். அடுத்த பொங்கலுக்கு அது அவள் தோளில் ஏறவில்லை.

திண்ணை அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “இப்ப எவ்ளோ ஒசரம் உம் பொண்ணு?”

“என்னைவிட ரெண்டு விரல் கூட.”

“அப்ப நாற்காலி பத்தாது. நீ எந்திரி” என்று கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். என் தோளில் ஒரு நுனியை வைத்து இறக்கி, ஒரு காலண்டர் தாளின் பின்னால் எண்ணை எழுதினார். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, தாளை மிஷின் டிராயருக்குள் தள்ளினார்.