எட்டு வருட மாத்திரை... நிறுத்தலாமா, வேண்டாமா?

திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார் அந்த டீச்சர். வயது 59. பத்து வருடங்களுக்கு முன்பு மாதவிலக்கு நின்றது. அதற்கடுத்த இரண்டு வருடங்கள் அவர் பட்ட பாட்டை வீட்டில் யாரும் மறக்கவில்லை. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும். ராத்திரியில் மூன்று முறை எழுந்து முகம் கழுவுவார். திருச்சி வெயில் எது, உடம்பின் வெயில் எது என்று பிரிக்கவே முடியாது.

51 வயதில் டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஈஸ்ட்ரோஜென் 2 மில்லிகிராம். கர்ப்பப்பை இருப்பதால், அதன் உள்சுவர் தடித்துவிடாமல் இருக்க இரவில் புரோஜெஸ்டிரோன். சில வாரங்களில் தூக்கம் திரும்பியது. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை, மேமோகிராம், மறுபடி அதே சீட்டு என்று எட்டு வருடங்கள் ஓடிவிட்டன.

நிறுத்தும் பேச்சை எடுத்தவர் டாக்டர் இல்லை, நாத்தனார். ஒரு கல்யாண வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இன்னுமா இதைச் சாப்பிடுறீங்க? கேன்சர் வரும்னு சொல்றாங்களே?" என்றார். பெங்களூரில் இருக்கும் மகளோ போனில், "நல்லாத்தானேம்மா இருக்கே... எதுக்கு நிறுத்தணும்?" என்றாள். இரண்டுமே அக்கறையான கேள்விகள்தான். இரண்டுக்குமே டீச்சரிடம் பதில் இல்லை.

நாத்தனாரின் பயம் சும்மா வந்ததில்லை. 2002-ல் அமெரிக்காவில் 16,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்துகொண்டிருந்த பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சற்று அதிகமாக இருந்தன. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைவாக இருந்தன. பயம் உலகமெல்லாம் பரவியது, பின்பாதிச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணைப் பார்க்காமல் விடுவாரா? அந்த ஆய்வில், மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. "எங்க ஸ்கூல்ல ரெண்டாயிரம் பிள்ளைங்க. அந்த மாதிரி அஞ்சு ஸ்கூலுக்கு எட்டுப் பேர் கூடுதல்" என்று கணவரிடம் சொன்னார். "அவ்வளவுதானே" என்றார் கணவர். "அந்த எட்டுல நான் இருந்தா?" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அன்று அந்த வீட்டில் பேச்சு இல்லை.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 வயதுக்கு முன், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடங்களுக்குள் தொடங்குகிறவர்களுக்கு நன்மையே பெரும்பாலும் மேலோங்கி நிற்கும் என்பது இன்றைய மருத்துவர்களின் பொதுவான கருத்து. டீச்சர் தொடங்கியது சரியான வயதில்தான். ஆனால், சாப்பிடும் வருடங்கள் கூடக் கூட மார்பகப் புற்றுநோய் ஆபத்து மெதுவாக ஏறும். நிறுத்தியவுடன் அது முழுதாகப் போய்விடுவதும் இல்லை.

ரஃப் நோட்டில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். முதல் கேள்விக்கு வந்த பதிலே எதிர்பாராதது. "அறுபது ஆனா நிறுத்தியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லை டீச்சர். ஆனா, தொடரணும்னா ஒவ்வொரு வருஷமும் அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். உங்க காரணம் இப்போ என்ன?"

ஹாட் ஃப்ளஷ் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அது இன்னும் இருக்கிறதா? பலருக்கு அது சராசரியாக ஏழு வருடங்கள் நீடித்துத் தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். மாத்திரை சாப்பிடும்வரை, அடங்கிவிட்டதா, அமுங்கிக் கிடக்கிறதா என்று தெரியாது. எந்த ரத்தப் பரிசோதனையும் இதைச் சொல்லாது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கூடவே, போன வருடம்தான் அவருக்கு பி.பி. வந்திருந்தது. வாய்வழி ஈஸ்ட்ரோஜென் ரத்தக்கட்டு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். தோலில் தடவும் ஜெல்லுக்கு அந்தச் சிக்கல் குறைவு. "தொடர ஆசைன்னா ஜெல்லுக்கு மாறலாம்" என்ற வழியையும் டாக்டர் காட்டினார்.

அவர் மனதை அறுத்தது வேறொன்று. அவருடைய அம்மா 72 வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அதன்பிறகு எழுந்து நடக்கவேயில்லை. டீச்சர் இத்தனை வருடமும் சாப்பிட்டது வியர்வைக்கு என்று நினைத்திருந்தார். அந்த மாத்திரை சத்தமில்லாமல் எலும்பையும் காத்துவந்தது. நிறுத்தினால் அந்தக் காவலும் போகும், எலும்புத் தேய்மானம் வேகமெடுக்கும். டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்தது. மைனஸ் 2.5-க்குப் போனால் ஆஸ்டியோபொரோசிஸ். இன்னும் போகவில்லை, ஆனால் தூரமும் இல்லை.

ஆக, ஒரு பக்கம் மார்பு, ஒரு பக்கம் இடுப்பு. இரண்டு மாதங்கள் யோசித்தார். எலும்புக்குத் தனி மருந்து உண்டு, அதை வேண்டும்போது தொடங்கலாம் என்று தெரிந்த பிறகுதான், நிறுத்திப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

அடுத்தது, எப்படி நிறுத்துவது? ஒரேயடியாக நிறுத்தினாலும் படிப்படியாகக் குறைத்தாலும் நாளாவட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. படிப்படியாகக் குறைத்தால் முதல் சில மாதத் தொந்தரவு குறையலாம் என்றார் டாக்டர். டீச்சருக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே வெயிலில் சோதனை செய்யவும் அவருக்கு மனமில்லை. எனவே ஜூலையில் 2 மில்லிகிராமை 1 ஆக்கினார். அக்டோபரில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஈஸ்ட்ரோஜென் போகும்வரை புரோஜெஸ்டிரோனும் போக வேண்டும், அதை மட்டும் தனியாக விட்டுவிடக் கூடாது என்பது டாக்டர் அழுத்திச் சொன்ன ஒன்று. டிசம்பர் கடைசியில் இரண்டும் நின்றன.

ஸ்டாஃப் ரூமில் இதைக் கேட்ட பி.டி. டீச்சர், "அப்போ நானும் விட்டுடறேன்" என்று கிளம்பினார். அவருக்கு 44 வயது. கட்டிக்காக 41 வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தாகிவிட்டது. அவர் கதையே வேறு. அவ்வளவு சீக்கிரம் ஹார்மோன் நின்றுபோனவர்கள், வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது தொடர்வதுதான் இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லது. கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜென் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அந்த 8 என்ற கணக்கும் பொருந்தாது. கணக்கு டீச்சரே அவரை உட்காரவைத்துச் சொன்னார். டாக்டரைப் பார்க்காமல் எதையும் விடமாட்டேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்பினார்.

ஜனவரி முதல் வாரம், மார்கழிக் குளிரில் கணவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, டீச்சர் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். நிறுத்துபவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித் திரும்பி வரும் என்று முன்பே கேட்டிருந்ததால் பதறவில்லை. "ரெண்டு மூணு மாசம் பாருங்க. முடியலைன்னா குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிக்கலாம், அதுல தோல்வி ஒண்ணும் இல்லை" என்று சொல்லியிருந்தார் டாக்டர். கிராஃப் நோட்டில் குறித்துவந்தார். முதல் வாரம் ஐந்து இரவுகள். பிப்ரவரி கடைசியில் இரண்டு. மார்ச் நடுவில் ஒன்று. சாயங்கால காபியையும் விட்டிருந்தார். அதனால்தான் குறைந்ததா என்றால் அவருக்கே நிச்சயமில்லை.

கிராஃப் நோட்டில் ஏறாத பிரச்னை ஒன்று ஏப்ரலில் வந்தது. பிறப்புறுப்பில் வறட்சி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தாம்பத்யத்தில் வலி. இதைச் சொல்ல அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின. டாக்டர் மிகச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். சிறுநீர்த் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு, உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜென் க்ரீம் எழுதினார். முதலில் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஹாட் ஃப்ளஷ் போலத் தானாக அடங்கும் விஷயமில்லை இது. க்ரீமிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் பலரும் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். எப்போதாவது ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

நாத்தனாருக்கு இப்போது நிம்மதி. மகள் மட்டும் வாராவாரம் "தூங்குறியாம்மா?" என்று கேட்கிறாள். அடுத்த ஜனவரியில் மறுபடி டெக்ஸா ஸ்கேன். எண் இறங்கியிருந்தால் எலும்புக்கான மருந்து. அதுவரை கால்சியம், வைட்டமின் டி, காலையில் நாற்பது நிமிட நடை, இரண்டு கிலோ டம்பெல். பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி மாட்டியாகிவிட்டது. துளை போடும்போது புது டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டதில் கணவருக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால், குளித்துவிட்டு வரும்போது அவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.